இரவல் வாசகர்கள்

1920-இல் கடையத்திலிருந்து சுப்பிரமணிய பாரதி தம் நண்பர்களுக்கு ஒரு வெளியீட்டுத் திட்டத்தை எழுதி அனுப்பினார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட்டு, மொத்தம் நான்கு லட்சம் புத்தகங்களைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசேர்ப்பது அவர் எண்ணம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விலைபோவதுபோல் அவையும் சுலபமாக விலைபோகும் என்று நம்பினார். அச்சுச் செலவுக்குக் கடனும் கேட்டார். பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். தமிழன் புத்தகம் வாங்கமாட்டான் என்ற புலம்பல் எழும்போதெல்லாம் இந்தக் கதையை முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது நம் வழக்கம். ஆனால் அதே பாட்டுகளுக்கு அடுத்த எட்டாண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1928-இல் சென்னை மாகாண அரசு அவருடைய பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். யாரும் படிக்காத புத்தகத்துக்காக எந்த அரசும் போலீஸை அனுப்புவதில்லை. நாடக மேடைகளிலும் காங்கிரஸ் கூட்டங்களிலும் கைமாறிய பிரதிகள் வழியாகவும் கேட்டுப் பாடமாக்கியவர்கள் வாய்வழியாகவும் அந்தப் பாட்டுகள் ஊரெங்கும் போயிருந்தன. அவற்றில் பெரும்பகுதி எந்தப் புத்தகக்கடைக் கணக்கிலும் ஏறியிருக்காது.

தமிழர்கள் புத்தகம் வாங்குவது குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. நெடுங்காலமாகத் தமிழ் நூல் ஒன்றின் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், மிஞ்சினால் ஆயிரத்து இருநூறு பிரதி. அதையும் விற்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் இந்த எண்ணிக்கையிலிருந்து 'ஆகவே தமிழர்கள் படிப்பதில்லை' என்று தாவும் இரண்டாவது வாக்கியம்தான் தவறு. தமிழ் வாசிப்பு பெரும்பாலும் சொந்தப் பிரதிமீது வளரவில்லை. ஏட்டுக் காலத்திலும், அச்சு வந்த பிறகும், வார இதழ்கள் ஆண்ட காலத்திலும் அது இரவல் பிரதிமீதே வளர்ந்தது. அடுத்தவர் ஏடு, அடுத்தவர் குரல், அடுத்த வீட்டு விகடன், ஊர் நூலகத்தின் கிழிந்த அட்டை. பணமில்லாததால் வந்த பழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பணம் ஒரு காரணம்தான். ஆனால் வாசிப்பு என்றால் பலர் கூடிச் செய்யும் காரியம் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. அந்த எண்ணம் எதைப் படித்தார்கள் என்பதை மட்டுமல்ல, என்ன எழுதப்பட்டது என்பதையும் தீர்மானித்தது.

ஏட்டிலிருந்து தொடங்குவோம். பனையோலையை ஒரு தலைமுறை மாற்றி ஒரு தலைமுறை பெயர்த்தெழுதிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் செல்லும் ஈரமும் முடித்துவிடும். எழுத்தாணியால் ஒரு புராணத்தைக் கீறி முடிக்க மாதக்கணக்கு ஆகும். ஆகவே ஏடு வைத்திருப்பவர் சிலர், அதை இரவல் வாங்கிப் பெயர்த்தெழுதுபவர் சிலர், அவர்கள் படிக்கக் கேட்பவர் பலர் என்ற அடுக்கு இயல்பாக அமைந்தது. படித்தேன் என்று சொல்வதைவிடப் பாடம் கேட்டேன் என்று சொல்வதுதான் அக்காலக் கல்விக்குப் பொருந்தும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். முடிந்ததும் ஊரார் கூடிய சபையில் அரங்கேற்றம் நடக்கும். எழுதுவது, வெளியிடுவது, படிப்பது மூன்றும் அங்கே பல பேர் நடுவில் நடந்தன. தனி அறையில் ஒருவர் எழுதியதை இன்னொரு தனி அறையில் ஒருவர் படிப்பது என்ற ஏற்பாடு அந்த உலகத்துக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் வலிமையையும் பலவீனத்தையும் ஒரே நிகழ்ச்சியில் காட்டுவது உ.வே. சாமிநாதையரின் சிந்தாமணி அனுபவம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவரிடம், அங்கே முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் பெரிய பட்டியலே சொன்னார். முதலியாருக்குத் திருப்தி இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். தமிழ்நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் அதைப் படித்திருக்கவில்லை. பிறகு முதலியாரே ஒரு பிரதியைக் கொடுத்துப் படிக்கத் தூண்டினார். நூலில் வந்த சைன சமயச் செய்திகள் விளங்காமல் ஐயர் தவித்தபோது, அதே ஊரில் சைனர்கள் வாழும் தெரு ஒன்று இருப்பது தெரியவந்தது. அங்கே ஒரு வீட்டுக்குப் போனால், வாசலில் கோலமும் மாவிலைத் தோரணமும். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து வந்தது நிறைவேறிய நாள் என்று விடை வந்தது. புலவர் உலகம் கைவிட்டுவிட்டதாக நினைத்த காப்பியம், கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில் கூட்டு வாசிப்பில் உயிரோடு இருந்திருக்கிறது. ஆனால் அந்தத் தெருவோடு சரி. அடுத்த தெருவுக்கு அது போகவில்லை. 1887-இல் ஐயர் அதை அச்சிட்டபோது அந்த வேலி உடைந்தது. அந்த அச்சுக்கும் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் பணம் சேர்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோயில் மண்டபங்களில் நடந்த வாசிப்பு இதைவிடப் பெரிய வட்டம். யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் புராண படனம் என்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்பவர் பொருளை விரித்து, கேட்பவர் முகம் பார்த்து நீட்டவும் குறைக்கவும் செய்வார். தமிழகத்தின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. மழை பொய்த்தால் விராட பருவம் படிப்பார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் இவ்வாறே வாசித்து உரை சொல்லும் வழக்கம் முஸ்லிம் ஊர்களில் இருந்தது. 1842-இல் அச்சேறிய பிறகும் அந்த நூல் காதுவழியாகத்தான் பலரைச் சென்றடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையின் குஜிலிக் கடைகளிலிருந்து புறப்பட்ட மலிவுப் பதிப்புகளும் இதே கூட்டத்தை நம்பி அச்சானவை. விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் பெரிய எழுத்தில் வந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர் சிமினி விளக்கின் முன் உட்கார்ந்து திண்ணை நிறைய ஆட்களுக்கு உரக்கப் படிக்கத் தோதான அளவு அது.

இது கேட்பதுதானே, இதை வாசிப்பில் எப்படிச் சேர்ப்பது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1901 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எழுத்தறிவை மட்டும் வாசிப்பின் எல்லையாக வைத்தால் மீதி மக்களுக்குப் புத்தகத்தோடு தொடர்பே இல்லை என்றாகும். ஆனால் வேலை பங்கிடப்பட்டிருந்தது. கண்ணுக்குரிய வேலையை ஒருவர் செய்தார். பொருள் கொள்வது, வாதாடுவது, நினைவில் வைப்பது, தவறாகச் சொன்னால் திருத்துவது எல்லாம் கூட்டத்தின் வேலை. எழுத்தே தெரியாத கிழவி ஒருத்தி பாரதப் பிரசங்கியாரின் பிழையைப் பிடிப்பது கிராமங்களில் அதிசயம் அல்ல. அவளை வாசகர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, படிக்காமல் அலமாரியில் அழகுக்கு வைத்தவரைச் சேர்த்துக்கொள்ளும் கணக்கு விற்பனைக் கணக்காக இருக்கலாம். வாசிப்புக் கணக்காக இருக்க முடியாது.

நாவல் வந்து இதையெல்லாம் மாற்றியது என்பது ஆ. இரா. வேங்கடாசலபதியின் கருத்து, 'நாவலும் வாசிப்பும்' என்ற நூலில் அவர் காட்டும் சான்றுகள் வலுவானவை. கூட்டமாக உரக்கப் படித்த சமூகத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுத்தர வர்க்கம் ஒன்று உருவாகி, தனியாக, மௌனமாக, கண்ணால் மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகளை மண்டபத்தில் பயன் சொல்லிப் படிக்க முடியாது. அடுத்து என்ன என்ற பதைப்பில் கண் ஓட வேண்டும். இதை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வாசிக்கும் முறை தனியானது. வாசிக்கும் பிரதி தனியாகவில்லை. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் கைக்குப் போய், பெட்டிக்குள் ஒளிந்து, அடுப்படியில் புரண்டு, அத்தை வீட்டுக்குப் பயணமாகி, முன்னட்டையும் பின்னட்டையும் இழந்து, கடைசியில் கொலையாளி யார் என்று தெரியாமலேயே சிலரால் படிக்கப்பட்ட புத்தகங்கள் அவை. மௌனம் வந்த பிறகும் இரவல் தொடர்ந்தது. வார இதழ் அதை ஒரு முறையாகவே ஆக்கியது.

1926-இல் தொடங்கி 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன், 1941-இல் பிறந்த கல்கி, 1947-இல் வந்த குமுதம் ஆகியவை ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி என்ற கணக்கில் போயிருந்தாலும், வாசகர் எண்ணிக்கை வீட்டு ஆட்களோடு நிற்கவில்லை. இதழ் வரும் நாளில் யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டை. மறுநாள் பக்கத்து வீடு. வாரக் கடைசியில் மாடிவீட்டுக் குடித்தனம். நகரங்களில் இதை வைத்தே பிழைத்தவர்கள் உண்டு. சர்க்குலேஷன் என்ற பெயரில் சைக்கிள் ஹேண்டிலில் பை மாட்டிய ஆள் விகடனையும் கல்கியையும் கொடுத்துவிட்டு, குமுதத்தையும் கலைமகளையும் திரும்ப வாங்கிப் போவார்; மாதச் சந்தா ஓர் இதழின் விலையைவிடச் சற்றுக் கூட இருக்கும், படிக்கக் கிடைப்பதோ பத்து இதழ்.

இந்தப் பழக்கத்தின் உச்சம் பைண்டிங். தொடர்கதை முடிந்ததும் பழைய இதழ்களின் பின்னை நெம்பி எடுத்து, கதை வந்த தாள்களை மட்டும் உருவி, வாரவரிசையில் அடுக்கி, விடுபட்ட வாரத்தைத் தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்கிச் சேர்த்து, பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் ஊசியால் துளையிட்டு நூல் கோத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, காலிகோ முதுகு ஒட்டித் தருவார். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஓடிய பொன்னியின் செல்வன் இப்படி எத்தனை ஆயிரம் வீடுகளில் புத்தகமாயிற்று என்பதற்கு எந்தப் பதிப்பகமும் கணக்கு வைத்திருக்க வழியில்லை. கடையில் விற்ற புத்தகத்தைவிட இந்த வீட்டுப் புத்தகம் சில வகைகளில் உயர்ந்தது என்றே சொல்வேன். அதில் மணியத்தின் ஓவியங்கள் அதனதன் இடத்தில் இருந்தன. தில்லானா மோகனாம்பாளை கோபுலுவின் கோடுகள் இல்லாமல் படித்தவருக்கும், அந்தக் கோடுகளோடு வாரவாரம் பார்த்தவருக்கும் சிக்கல் சண்முகசுந்தரத்தின் முகம் ஒன்றல்ல. பக்கத்தின் மறுபுறத்தில் பாதி அறுந்த சிரிப்புத் துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம், புதுப்படச் செய்தி என அந்த ஆண்டின் உலகமும் கூடவே தைக்கப்பட்டு வந்தது. இலக்கிய ஆய்வாளர்கள் இவற்றைக் குப்பை என்று ஒதுக்கியபோது, கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா இத்தகைய அச்சுத் தாள்களையெல்லாம் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைக்க உதவியது. தமிழ் அச்சின் வரலாற்றை எழுத முனைபவர் எவரும் அந்த வாசற்படியை மிதிக்காமல் எழுத முடியாது.

இரவல் வாசிப்பு எழுத்தையே மாற்றியது என்று முன்பு சொன்னதற்கு இங்கேதான் சான்று இருக்கிறது. கல்கியின் கதைசொல்லி வாசகரை நேரே விளித்து, கையைப் பிடித்து வீராணத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறவர். போன வாரம் விட்ட இடத்தை நினைவூட்டுவார், முன்கதை தெரியாமல் நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் இடம் போட்டுக் கொடுப்பார். ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கும் கூடத்தை மனத்தில் வைத்து எழுதிய உரைநடை அது. காலட்சேபத்தின் மூச்சு அதில் கேட்கிறது. வை.மு. கோதைநாயகி இன்னும் தெளிவான சாட்சி. பள்ளிக்கூடம் போகாத அவர் தம் முதல் படைப்பான இந்திரமோகனாவை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். கதையைத் தோழியரிடம் சொல்லிப் பழகிய வாய்தான் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைப் படைத்தது, 1925 முதல் ஜகன்மோகினி இதழையும் நடத்தியது. இவர்களுடைய நடை நீளம், திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று நவீன விமர்சனம் சலித்துக்கொள்வதுண்டு. தனியாக, ஒரே மூச்சில், சொந்தப் பிரதியில் படிப்பவருக்கு அது சலிப்புதான். அவர்கள் எழுதியது அவருக்காக அல்ல.

பொது நூலகம் இந்தப் பழக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் புத்தகங்கள் பூட்டிவைக்க அல்ல, பயன்படுத்த என்பதை முதல் விதியாக்கி 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் முயற்சியில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது, ரங்கநாதன்தான் தொடங்கிவைத்தார். ஊர் ஊராய் வண்டி போய்ப் புத்தகத்தை இரவல் கொடுத்து வாங்கியது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியபோது, சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி வசூலிப்பது அதன் உயிர்நாடி. இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. புத்தகம் வாங்காத வீட்டுக்காரரும் ஊருக்குப் பொதுவாகப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார் என்பதே இதன் பொருள். யாழ்ப்பாணத்தில் க.மு. செல்லப்பா 1933-இல் தம் வீட்டு நூல்களைக் கொண்டு தொடங்கிய சிறு முயற்சி, ரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்த கட்டடத்தில் 1959-இல் பெரிய நூலகமாயிற்று. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மக்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்து அதை மீண்டும் நிரப்ப முனைந்தார்கள்.

இத்தனையும் கேட்டு, கூடி வாழ்ந்த பொற்காலம் என்று மயங்கிவிடக்கூடாது. இந்த வாதத்துக்கு எதிராக எழக்கூடிய கடுமையான மறுப்பு ஒன்று உண்டு: கூட்டு வாசிப்பில் அந்தக் கூட்டம் யார்? கோயில் மண்டபத்துக்குள் நுழையவே உரிமை இல்லாதவர்களுக்குப் புராண படனம் எட்டவில்லை. ஏடு வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று 1920களிலும் 30களிலும் ஆண்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். இரவல் என்பது உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும் ஓடுவது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் போய்ப் புத்தகம் கேட்க முடியாது. காசு கொடுத்தால் யாருக்கும் தரும் கடை இந்த ஒரு விஷயத்தில் இரவலைவிட மேலானது. இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. அவர்கள் தனித்தனியாகப் புத்தகம் வாங்கப் போகவில்லை. தங்களுக்கான கூட்டத்தை உண்டாக்கினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பறையன் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து நடத்திய வார இதழுக்கு ஒரு பைசாத் தமிழன் என்று விலையையே பெயராக வைத்தார். அந்த விலையிலும் ஒரு பிரதியைப் பலர் கூடிப் படித்தார்கள். கோலார் தங்கவயல் வரை அதற்கு வாசகர் இருந்தார்கள்.

திராவிட இயக்கம் இதை ஊர்தோறும் பரப்பியது. குடிஅரசும் விடுதலையும் திராவிட நாடும் முரசொலியும் படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் உரக்கப் படிக்கப்பட்டன. பழைய புராண படனத்தின் அமைப்பு அப்படியே இருந்தது: ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, சுற்றி நின்றவர்கள் வாதாடினார்கள். உள்ளடக்கம்தான் தலைகீழ். 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, தேநீர்க் கடைப் பெஞ்சில் தாள் தாளாகப் பிரிக்கப்பட்டு ஆளுக்கொரு பக்கமாகப் படிக்கப்பட்டதும், அதைப் படித்தே பலர் எழுத்துக்கூட்டக் கற்றதும் ஊரறிந்த செய்தி. ஒரு கப் டீயின் விலையில் நாளிதழும் அடக்கம். 1951-இல் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்த தமிழகத்தின் எழுத்தறிவு 2011-இல் 80 விழுக்காட்டைத் தொட்டதற்குப் பள்ளிகளே முதற்காரணம். அந்தப் பெஞ்சுக்கும் ஏதோ பங்கு உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு மறுப்பு எழுத்தாளர் பக்கத்திலிருந்து வருவது. பத்துப் பேர் இரவலில் படித்தால் ஒன்பது பேரின் காசு எழுதியவனுக்குக் கிடைக்காமல் போகிறது. புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயோடும் வறுமையோடும் போராடி இறந்தார். சி.சு. செல்லப்பா எழுத்து இதழையும் தம் பதிப்புகளையும் காப்பாற்ற, தோளில் புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். வாசகரின் இந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுத்தவர்கள் எழுத்தாளர்கள் என்பதை மறைக்க முடியாது. நூலகக் கொள்முதல் ஓரளவு ஈடு செய்தது. ஆனால் அது வாசகரைவிட அதிகாரிகளை மகிழ்விக்கும் பதிப்பாளர்களையும் உண்டாக்கிவிட்டது. இருந்தாலும், இரவல் விற்பனையைக் கொல்கிறது என்ற முடிவுக்கு வருமுன் பொன்னியின் செல்வனைப் பார்க்க வேண்டும். தமிழில் மிக அதிகமாக இரவல் போன நாவல் அதுவாகத்தான் இருக்கும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் போட்டிபோட்டு மலிவுப் பதிப்பு கொண்டுவந்தன. 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஐந்து பாகக் கட்டைக் கையில் தூக்கிப் போகாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. பாட்டியின் பைண்டிங்கில் படித்த குடும்பத்துப் பேத்திதான் அதை விலைக்கு வாங்குகிறாள். பட்டினி கிடந்தவர்களை வாட்டியது இரவல் அல்ல. அவர்களுடைய புத்தகங்கள் இரவல் போகும் அளவுக்குக்கூட வெளியே வராததுதான்.

அப்படி வராத புத்தகங்களை வெளியே கொண்டுவந்தது விளம்பரம் அல்ல, ஆள். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியில் ஒரு கம்பன் பாட்டு ஒரு மாலையை எடுத்துக்கொள்ளும். அவர் எழுதியது கொஞ்சம். சொல்லிக் காட்டியது ஏராளம். பிடித்ததைப் பிறருக்கும் பிடிக்க வைப்பதே அவருடைய வேலை. க.நா. சுப்ரமண்யம் அதை எழுத்தில் செய்தார். 1950களில் 'படித்திருக்கிறீர்களா' என்ற தலைப்பில் நூல்நூலாக எடுத்துச் சொன்னார். இன்னார் சிறந்த நாவலாசிரியர், இன்னார் இல்லை என்று பட்டியல் போட்டார். விளக்கம் சொல்லாமல் பட்டியல் மட்டும் போடுகிறார் என்று அவரைக் கேலி செய்தவர்கள் அநேகர். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் சேலம் இராமசாமி முதலியார் ஐயரிடம் செய்ததும் அதுதானே? ஒரு பெயரைச் சொல்லி, படித்ததுண்டா என்று கேட்டது. விளக்கம் பிறகு வந்தது.

இப்போது இந்தப் பழக்கம் கைபேசிக்கு மாறியிருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் மூலைமுடுக்கிலிருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்தார்கள். 2005 முதல் நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் அச்சுக்கு அதையே செய்துவருகிறது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்களின் நேர் வாரிசுகள் இவர்கள். ஆனால் உயிரோடிருக்கும் எழுத்தாளரின் போன மாதம் வந்த நாவலைப் படமெடுத்து ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் அனுப்புகிறவரும் தம்மை இந்த மரபில் சேர்த்துக்கொள்கிறார். நான் சேர்க்கமாட்டேன். பழைய இரவலில் ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. கொடுத்தவர் திருப்பிக் கேட்டார், கேட்கும்போது எப்படி இருந்தது என்றும் கேட்டார், படிக்காமல் திருப்பிக் கொடுத்தால் முகத்தில் தெரிந்துவிடும். அனுப்பியவரும் படிக்காமல், பெற்றவரும் படிக்காமல் கிடக்கும் கோப்புகளில் அந்தக் கேள்வி இல்லை. எழுத்தாளருக்குக் காசு போகாதது இரண்டிலும் ஒன்றுதான். முந்தையதில் அவருக்கு ஒரு வாசகராவது மிஞ்சினார்.